சுங்கை சிப்புட்டில் காரிக்கோள்: நான்கு நாள் குறிப்புகள்

19 செப்டம்பர் 2025, வெள்ளிக்கிழமை

மலேசியாவின் ஈப்போவைக் கடந்ததும் ரயிலின் பக்கவாட்டில் சுண்ணாம்புக் குன்றுகள் வரத் தொடங்கின. அவற்றின் அடிவாரத்தில், என் பள்ளி விடுமுறைக் காலங்களில் பால்மரக் (ரப்பர்) காடாக இருந்த நிலம் இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசைகளாக நிற்கிறது. சுங்கை சிப்புட் நிலையத்தில் இறங்கியபோது மாலை மூன்று மணி. அத்தை தாமான் (குடியிருப்பு) வாசலில் காத்திருந்தார். "பசியாறிட்டியாய்யா?" என்று கேட்டவர், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார்: "எனக்கு ஏழரை ஆரம்பிச்சிருச்சா இல்லியா, அத மொதல்ல சொல்லு."

நான் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். அதே நாளில் வானில் சனிக்கோள், பழந்தமிழில் காரிக்கோள், சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. நகர வெளிச்சத்தில் பார்ப்பதைவிட இங்கே, தோட்டத்து ஓரத்தில், நிலவில்லாத இரவில் அதைப் பார்க்க விரும்பினேன். அத்தையின் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டது.

அத்தைக்கு மேஷ ராசி. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. பிறந்த ராசிக்கு முந்திய ராசி, பிறந்த ராசி, அடுத்த ராசி ஆகிய மூன்றிலும் அது இருக்கும் காலமே ஏழரைச் சனி. மேஷத்துக்கு முந்தியது மீனம். ஆகவே சனி மீனத்துக்குள் நுழைந்த நாளே அத்தைக்கு ஏழரை தொடங்கும் நாள். அத்தை வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி திருக்கணிதத்தைப் பின்பற்றுவது. அதன்படி இவ்வாண்டு மார்ச் 29ஆம் தேதியே சனி மீனத்துக்கு வந்துவிட்டது. அவர் போகும் கோவிலிலோ வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி சனி இன்னும் கும்பத்தில்தான் இருக்கிறது, மீனத்துக்கு வருவது 2026 மார்ச் மாதத்தில். ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி. 71 வயதில் ஒருவர் தன் கெட்ட காலம் தொடங்கிவிட்டதா என்று அறிய விரும்பும்போது, ஓராண்டு என்பது சிறிய கணக்கு வேறுபாடு அல்ல.

இரவு உணவுக்குப் பிறகு தெரிந்ததைச் சொன்னேன். வாக்கியம் என்பது முன்னோர் மனப்பாடத்துக்கு ஏற்றவாறு சொற்றொடர்களாகக் கட்டிவைத்த வானக் கணக்கு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சொற்றொடரைச் சொன்னால் கோளின் இருப்பிடம் வந்துவிடும். கருவிகள் இல்லாத காலத்தில் அத்தகைய கணக்கை உருவாக்கியவர்களை எண்ணும்போது இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் நூற்றாண்டுகள் ஓட ஓடச் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகின்றன. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவைகளைக் கொண்டு திருத்தப்பட்டது. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவதால் பெரும்பாலான கோவில்கள் சனிப்பெயர்ச்சியை அந்தக் கணக்கில்தான் கொண்டாடுகின்றன. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்கி ஐயருகிட்டயும் கேப்போம்," என்றார்.

20 செப்டம்பர், புரட்டாசி முதல் சனிக்கிழமை

இந்த நாட்டில் புரட்டாசி என்றால் ஊரே சைவத்துக்கு மாறிவிடும். காலை ஏழு மணிக்கே கோவில் வாசலில் கார்கள் நிறைந்திருந்தன. சனிக்கிழமைக்கு உரிய கோளின் கடுமையைப் பெருமாள் தாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் முதலில் பெருமாளைக் கும்பிட்டு, துளசித் தீர்த்தம் வாங்கிக்கொண்டு, பிறகு எல்லாரும் நவக்கிரக மேடைக்கு நகர்ந்தார்கள்.

அந்த மேடையை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். நடுவில் சூரியன், சுற்றிலும் எட்டுப் பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல். மேற்குப் பக்கத்தில் சனி, கறுப்பும் நீலமுமான துணி உடுத்தி, காக்கை வாகனத்துடன். கருங்கல்லில் எண்ணெய் இறங்கி இறங்கி உருவத்தின் மூக்கும் உதடும் மழுங்கிவிட்டன; காக்கையின் அலகு மட்டும் கூர்மையாக இருந்தது. வந்தவர்களில் ஒருவர்கூட அவருக்கு நேர் எதிரே நிற்கவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி, தலையைச் சற்றுத் தாழ்த்தி, சங்குப்பூவை வைத்துவிட்டு விலகினார்கள். சனியின் பார்வைக்கு அஞ்சும் அஞ்சுதல் அது. பிள்ளையார் பிறந்தபோது பார்க்க வந்த சனியின் பார்வை பட்டே குழந்தையின் தலை போயிற்று என்று பிரம்மவைவர்த்த புராணம் சொல்கிறது. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் பாட்டிகள் சொன்ன கதை வேறு. பிள்ளையாரைப் பிடிக்க வந்த சனியிடம், "இன்று போய் நாளை வா" என்று முதுகில் எழுதிக் காட்டி, நாள்தோறும் அவரைத் திருப்பியனுப்பிக்கொண்டே இருந்தார் பிள்ளையார். கடன்காரனை வாசலில் நிறுத்தி அனுப்பிப் பழகிய மக்களுக்கு அந்தக் கதை எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

மேடையின் ஓரத்தில் எள் விளக்குகள். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, நல்லெண்ணெயில் நனைத்து, அகலில் வைத்து ஏற்றுவது வழக்கம். முடிச்சு எரியும்போது எள் வெடிக்கும். அந்த வாசனையும் புகையும் ஒரு தனி வகை. எள்ளை எரிப்பது முறையல்ல, நல்லெண்ணெய் விளக்கே போதும் என்று குருக்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் எண்ணமும் குருக்களின் பக்கம்தான். முன்னோருக்குத் தண்ணீருடன் இறைக்கும் தானியத்தைத் தீயில் இடுவதில் மனம் ஒப்பவில்லை.

கூட்டம் குறைந்தபின் அத்தை அவரிடம் தன் கேள்வியைக் கேட்டார். குருக்கள் நல்ல மனிதர். "இங்க நாங்க வாக்கியம்தான் பாக்கிறோம்மா, உங்களுக்கு மாசியிலதான் ஆரம்பம். அதுவரைக்கும் கவலைப்படாதீங்க," என்றார். அத்தையின் முகம் தெளியவில்லை. காரணத்தை வீடு திரும்பும் வழியில் சொன்னார். ஜாதகம் பார்க்கும் ஒருவர், இது மூன்றாவது சுற்று, உயிருக்கே ஆபத்து என்று அச்சுறுத்தி, பரிகாரத்துக்கு 888 வெள்ளி (ரிங்கிட்) கேட்டிருக்கிறார். எட்டு சனிக்கு உரிய எண்ணாம். கேட்டதும் எனக்குக் கோபம் மூண்டது. மூன்றாவது சுற்றைப் போக்குச் சனி என்றும் சிலர் மரணச் சனி என்றும் சொல்வது உண்மைதான். ஆனால் அதே சாத்திரம் சனியை ஆயுள்காரகன் என்கிறது, ஆயுளைத் தருபவனும் அவனே என்கிறது. பாதியை மட்டும் சொல்லி ஒரு முதியவரின் தூக்கத்தைப் பறிப்பது பாவம்.

உண்மையில் இந்த அச்சத்தின் வேர் பெயரிலேயே இருக்கிறது. வடமொழியில் இக்கோளுக்குப் பெயர் சனைச்சரன். சனைஸ் என்றால் மெதுவாக, சரன் என்றால் நகர்பவன். மெல்ல நடப்பவன் என்பதற்கு மேல் அதில் எந்தக் கேடும் இல்லை. நாளடைவில் சனைச்சரன் மக்கள் நாவில் சனீச்சரனாகி, சனீஸ்வரனாகி, ஈஸ்வரப் பட்டம் பெற்ற ஒரே கோள் என்ற கதையும் சேர்ந்துகொண்டது. மந்தன், முடவன் என்ற பெயர்களும் இந்த மெதுநடையைத்தான் சொல்கின்றன. கண்ணுக்குத் தெரியும் கோள்களிலேயே மிக மெல்ல நகர்வது இதுவே. வானத்தை ஒரு முறை சுற்றிவர இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. ஓரைகளின் வரிசையும் இதிலிருந்துதான் தொடங்குகிறது: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். மெதுவானதிலிருந்து விரைவானதுக்கு இறங்கும் வரிசை அது. நிறத்தால் நம் முன்னோர் காரி என்றும் மைம்மீன் என்றும் அழைத்தனர்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. தொலைநோக்கியுடன் வருவதாகச் சொன்ன, ஓய்வுபெற்ற ஆசிரியரான பக்கத்து வீட்டு அண்ணன், நாளை பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார். மழையைப் பார்த்தபடி புறநானூற்றின் 117ஆம் பாடலை நினைத்துக்கொண்டிருந்தேன். மைம்மீன் புகைந்தாலும், தூமக்கோள் (வால்மீன்) தோன்றினாலும், வெள்ளி தென்திசைக்கு ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்காது என்கிறார் கபிலர். அதாவது மைம்மீன் புகைந்தால் மழை பொய்க்கும் என்பது அக்காலத்திலேயே ஊரறிந்த நம்பிக்கை. தசரதன் கதையும் அதையே சொல்கிறது: சனி ரோகிணியின் சகடத்தை, அதாவது வண்டி வடிவில் நிற்கும் விண்மீன் கூட்டத்தை, பிளந்துகொண்டு சென்றால் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரும் என்று அறிந்து, தசரதன் தேரேறிப்போய் அவரைத் தடுத்து வரம் பெறுகிறான். உழவர்களின் சனி மழையைத் தடுப்பவர். இதை அத்தையிடம் சொன்னபோது அவர் வியந்தார். "எங்களுக்கு மழதானய்யா சனி. காலையில மழ பேஞ்சா மரமெல்லாம் நனஞ்சிரும், பால் வெட்ட முடியாது. வெட்டலன்னா அன்னக்கி சம்பளம் இல்ல." ஒரே கோள், கடல் தாண்டியதும் அதன் கேடு தலைகீழாகிவிட்டது.

21 செப்டம்பர், மகாளய அமாவாசை

விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போய்த் தர்ப்பணம் செய்தேன். உள்ளங்கையில் கறுப்பு எள், அதன்மேல் தண்ணீர், கட்டைவிரல் வழியே இறங்குவது. தாத்தாவின் பெயரைச் சொல்லும்போது நெஞ்சு அடைத்தது. அவரை நான் பார்த்ததில்லை.

வீட்டில் அத்தை வாழையிலையில் படையலிட்டு, ஒரு பிடிச் சோற்றைப் பின்பக்கச் சுவரின்மேல் வைத்துக் காத்திருந்தார். காக்கை வர நேரமாயிற்று. காக்கை முன்னோரின் வடிவமும், சனியின் வாகனமும், எமனுடைய தூதும் ஆகும். சனியும் எமனும் சூரியனின் பிள்ளைகள். எமன் சஞ்ஞைக்கும், சனி அவளுடைய நிழலான சாயைக்கும் பிறந்தவர்கள். ஒருவர் இறந்தபின் கணக்குப் பார்ப்பவர், மற்றவர் வாழும்போதே பார்ப்பவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் நகரங்களில் நாம் காணும் வீட்டுக் காக்கை இம்மண்ணின் பறவை அன்று. காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காக, ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்ட வேலைக்காகக் கப்பலேற்றப்பட்ட மக்களைப் போலவே, அவர்களின் சனீஸ்வரனுடைய வாகனமும் தோட்ட வேலைக்காகவே கப்பலேறியிருக்கிறது. ஒன்பதரை மணிக்கு ஒற்றைக் காக்கை வந்து சோற்றைக் கொத்தியது. அத்தை கண்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாலை ஆறரைக்கு நாங்கள் மூவரும் தாமானின் கடைசி வரிசைக்குப் பின்னால், செம்பனை தொடங்கும் இடத்தில் நின்றோம். மழை கழுவிய வானம். சூரியன் மேற்கே ஏழேகால் மணியளவில் இறங்கியது. அதே வேளையில் கிழக்கே சனி எழுந்துகொண்டிருந்தது, மரங்களின் மறைவில். சோதிடத்தில் தந்தையும் மகனுமான இவ்விருவருக்கும் தீராப் பகை. சூரியன் உச்சம் பெறும் மேஷத்தில் சனி நீசமாவார். சனி உச்சம் பெறும் துலாத்தில் சூரியன் நீசமாவார். வானில் அது எப்படித் தோன்றும் என்பதை இன்றுதான் கண்ணால் கண்டேன்: தந்தை முகம் மறைத்த பிறகே மகன் தலை தூக்குகிறான். அதுவும் தந்தையருக்கு நீர் இறைத்த நாளில். கிரேக்கர்கள் இதே கோளைக் குரோனோஸ் என்றார்கள், தன் பிள்ளைகளை விழுங்கும் தந்தை. நமக்கோ இவர் தந்தையால் வெறுக்கப்பட்ட பிள்ளை. மெல்ல நகரும் ஒரு புள்ளியைப் பார்த்து இரு வேறு மக்கள் தலைமுறைகளுக்கிடையே உள்ள வலியையே நினைத்திருக்கிறார்கள்.

எட்டரை மணிக்கு மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. காரி என்றும் நீலன் என்றும் பெயர் பெற்ற அந்தக் கோள் கறுப்பாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை; நல்லெண்ணெய்த் திரியின் சுடர்போல வெளிறிய மஞ்சள், சிமிட்டாத ஒளி. சீனர்கள் இதை மண் விண்மீன் என்று அழைப்பதும் மஞ்சள் நிறத்தை இதற்கு உரியதாக்கியதும் பொருத்தமே. மலாய் மொழியில் இதன் பெயர் ஸுஹல், அரபியிலிருந்து வந்தது. அதற்கு இடப்பக்கத்தில் நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நின்றன. பூரட்டாதி இரண்டு, உத்திரட்டாதி இரண்டு, கட்டிலின் நான்கு கால்கள். திருக்கணிதப்படி சனி இன்று உத்திரட்டாதியில், அதாவது தனக்கே உரிய நட்சத்திரத்தில் இருக்கிறது என்பதை அத்தைக்குக் காட்டினேன்.

அண்ணன் தொலைநோக்கியைச் சரிசெய்து கொடுத்தார். மணியொன்றின் ஊடே மெல்லிய கம்பியைச் செருகியதுபோல் இருந்தது. வளையங்கள் இவ்வாண்டு நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருப்பதால் தட்டையான கோடாகத்தான் தெரிந்தன. சுற்றுக்கு இரு முறை, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்படி நேரும். 1610இல் கலிலியோ முதலில் பார்த்தபோது இரு பக்கமும் சிறு உருண்டைகள்போலத் தெரிந்தவை 1612இல் காணாமற்போயின. சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டதோ என்று அவர் கடிதத்தில் கேட்டார். அது வளையம் என்று 1659இல் விளக்கியவர் ஹைகன்ஸ். இப்போது சனி வக்கிரத்தில் இருக்கிறது. வக்கிரம் என்றால் கோள் உண்மையில் பின்னோக்கிப் போவதில்லை. விரைவாகச் செல்லும் பூமி அதை முந்திச் செல்லும் மாதங்களில், முந்தப்படும் வண்டி பின்னே போவதுபோல் தெரிகிறது. அதனால்தான் சூரியனுக்கு எதிரே வரும் காலத்தில் சனி எப்போதும் வக்கிரமாகவே இருக்கும்.

அத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மரப்பலகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சனி மீனத்தில் இதற்கு முன் இருந்தது 1996, 1997இல். அதற்கும் முன்பு 1967இல். 1967இல் அத்தைக்குப் 13 வயது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் தோட்ட மக்களிடம் பணம் திரட்டி, அவர்களே தோட்டங்களை வாங்க வேண்டும் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் இந்தத் துண்டாடலைக் கண்டுதான். அத்தை அந்த வயதில் பாட்டியுடன் மங்கு, அதாவது ரப்பர் பால் சேரும் கிண்ணம், துடைக்கப் போனார். ஏழரையின் முதல் சுற்றை மங்கு சனி என்பார்கள். சிறு வயதில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மரத்தில் கட்டிய பால் மங்குதான் என் நினைவுக்கு வரும். அந்தச் சுற்று முடிவதற்குள் தாத்தா போய்விட்டார். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தாத்தாவுக்குச் சீட்டு புதுப்பிக்கப்படவில்லை. 1970இல் பினாங்கில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறியவர் திரும்பவே இல்லை.

இரண்டாம் சுற்றில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயம் காலியானது. ஆனால் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய் இந்தத் தாமான் வீட்டை வாங்கியதும் அதே ஆண்டுகளில்தான். பொங்கு சனி என்ற பெயர் பொருந்தத்தான் செய்கிறது. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்ற பழமொழி, சனியின் ஒரு சுற்றை அளவுகோலாகக் கொண்டது. இருந்தாலும் நான் அத்தையிடம் தெளிவாகச் சொன்னேன்: தாத்தாவை அனுப்பியது சனி அல்ல, சட்டம், லயத்தைக் காலி செய்தது சனி அல்ல, நிலத்தின் விலை. மனிதர் செய்ததை வானத்தின் கணக்கில் எழுதினால் செய்தவர் தப்பித்துக்கொள்வார். இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

அத்தை மறுக்கவில்லை. "சனி பகவான் செஞ்சாருன்னு நான் எப்பய்யா சொன்னேன்? எமன் தொர, இவரு கிராணி. பெரட்டுல நின்னு பேரு எழுதறவரு. சம்பளத்த அவரா கொடுக்கிறாரு, அவரா வெட்டுறாரு? யாரு வந்தா, யாரு வரல, எவ்வளவு பால் அளந்தா, அத எழுதி வைப்பாரு. அந்தக் கணக்கு யாருக்காவது வேணுமில்ல?" தொர என்றால் தோட்ட நிர்வாகி, கிராணி அவருடைய கணக்கர், பெரட்டு காலையில் பெயர் கூப்பிடும் அணிவகுப்பு. இரும்பைச் சனிக்கு உரிய உலோகம் என்றும், உழைப்பாளிகளையும் முதியோரையும் அவருக்கு உரியவர் என்றும் சாத்திரம் வகுத்திருப்பதைப் படித்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகள் வெட்டுக் கத்தி பிடித்த கையிலிருந்து அதற்கு இப்படியொரு விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த 888 வெள்ளியைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவே இல்லை.

22 செப்டம்பர், திங்கட்கிழமை

காலை ரயிலுக்காக ஐந்தரை மணிக்கே எழுந்தேன். அத்தை எனக்கு முன்பே எழுந்து, வரக்கோப்பியுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருட்டு இன்னும் கலையவில்லை. நேற்று மாலை கிழக்கே பார்த்த சனி இரவெல்லாம் வானத்தைக் கடந்து, இப்போது மேற்கே செம்பனைகளுக்கு மேலே தாழ்ந்திருந்தது.

"பெரட்டுக்குப் போற நேரம் இது," என்றார். "கொட்டு அடிச்சதும் அம்மா என்னய எழுப்பி இழுத்துக்கிட்டுப் போகும். லயத்துக்குப் பின்னால, இதே பக்கம், ஒரு மஞ்ச மீனு நிக்கும். மின்னாது. நான் அதப் பாத்துக்கிட்டே நடப்பேன்."

எந்த வருஷம் என்று கேட்டேன். வேலைக்குப் போன முதல் வருஷம், தீபாவளிக்கு முன்னால் என்றார். 1967இல் சனி சூரியனுக்கு எதிரே வந்தது அக்டோபர் தொடக்கத்தில். அந்த வாரங்களின் விடியற்காலைகளில் அது மேற்கே, இதே உயரத்தில் நின்றிருக்கும்.

அதை அவரிடம் சொன்னேன். அத்தை கோப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, அது மரத்துக்குப் பின்னால் மறையும்வரை அங்கேயே நின்றார்.